இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வெளியே கிளம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்த இடத்திலேயே வேலை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. புதிதில் ஆசையாக தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரமே வலது முழங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டுத் தேய்மானம், ஆரம்ப நிலை என்றார்கள். பயந்துபோய் நிறுத்தியவள்தான், இன்னும் தொடங்கவில்லை. இதற்கிடையில் எடை கூடிவிட்டது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது. உண்மையைச் சொன்னால் நடைப்பயிற்சி எனக்குப் பிடிக்கவே இல்லை, ஒரே சலிப்பு. பறவைகளைப் பார்க்க ஆசை. சின்ன வயதில் ஓட்டிய சைக்கிளை மறுபடியும் ஓட்டவும் ஆசை. மகனிடம் சொன்னால், "இந்த வயசுல விழுந்து வச்சா என்னம்மா பண்றது, வீட்லயே இருங்க" என்கிறான். பக்கத்து வீட்டு அம்மாவோ தினமும் பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன் என்கிறார். இந்தக் காலோடு நான் வெளியே போகலாமா? எதில் தொடங்குவது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில் அளிப்பவர்: மூத்தோருக்கான பிசியோதெரபிஸ்ட்

அம்மா, தாராளமாகப் போகலாம். ஆரம்ப நிலைத் தேய்மானம் ஒருவரை வீட்டுக்குள் உட்கார வைக்கிற நோய் இல்லை. அதற்குச் சொல்லப்படும் முதல் வைத்தியமே உடம்பை அசைப்பதும், தொடைத் தசையை வலுவாக்குவதும், கூடிய எடையைக் குறைப்பதும்தான். மாத்திரையும் ஊசியும் அதற்கு அப்புறம்.

உங்கள் கால் வீங்கியதற்குக் காரணம் நடந்த அளவு. முப்பது வருடம் நாற்காலியில் இருந்த காலிடம் திடீரென்று தினமும் ஒரு மணி நேரம் கேட்டீர்கள், நடுவில் ஓய்வு நாள்கூடக் கொடுக்காமல். உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சு வாங்குவது சீக்கிரமே குறையத் தொடங்கும். அதனால் "நமக்குப் பழகிவிட்டது" என்று தோன்றிவிடும். தசை வலுவாவதற்குப் பல வாரங்கள் வேண்டும். மூட்டைச் சுற்றியுள்ள நார்களுக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் மூன்றாவது வார வீக்கம் வருகிறது. ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே இப்படி முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. இத்தனை வருடம் நேரமில்லை என்று தள்ளிப்போட்டதை ஒரே மாதத்தில் ஈடுகட்டிவிட வேண்டும் என்கிற அவசரம்!

எக்ஸ்ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் தெரியும் தேய்மானமும் நீங்கள் உணரும் வலியும் சேர்ந்தே போவதில்லை. படத்தில் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் வலியால் அவதிப்படுகிறவர்களும் உண்டு. மூட்டுக் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போதும், பாரம் ஏறி இறங்கும்போதும் மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. ஆகவே அசைக்காமல் வைத்துக் காப்பாற்றுவோம் என்பது அங்கே செல்லாது. எடை விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். எடை கூடிய, முழங்கால் தேய்மானம் உள்ள முதியவர்களை வைத்துச் செய்தது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைந்தது. ஒரு நாளில் எத்தனை அடி எடுத்து வைக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, எவ்வளவு நடக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வலிக்கு மனத்துக்குள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். நடக்கும்போது 3 வரை இருந்தால் பரவாயில்லை, தொடரலாம். அதைவிட முக்கியம் மறுநாள் காலை. 24 மணி நேரத்துக்குள் முழங்கால் பழைய நிலைக்கு வந்துவிட்டால் நேற்றைய அளவு சரி. மறுநாளும் வீக்கமோ கூடுதல் விறைப்போ இருந்தால் நேற்றைய அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று சமதரையில் தொடங்குங்கள். இரண்டு வாரம் சிரமமில்லாமல் போனால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். நேரம், வேகம், மேடு இந்த மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுவது நல்லது. மேடு ஏறுவது மூச்சைச் சோதிக்கும், இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும். இறக்கத்தில் சின்ன அடிகளாக வையுங்கள். கைத்தடி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, அதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. மலையேறுகிற இளைஞர்களே இரண்டு கையிலும் தடி வைத்திருக்கிறார்கள்.

பத்தாயிரம் அடி என்ற எண் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி மேல் ஆர்வம் கிளம்பியபோது, 1965-இல் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்பது அந்தக் கருவியின் பெயரிலேயே இருந்த விளம்பர எண். பிற்பாடு, அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள ஏறக்குறைய 17,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடி வரை பலன் கூடிக்கொண்டு போய், அதற்குமேல் ஏறக்குறைய அதே நிலையில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவால் பத்தாயிரம் முடிகிறதென்றால் சந்தோஷம், நடக்கட்டும். உங்களுக்கு அது இலக்கு அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. மிதமானது என்றால், பேச முடியும், பாட்டுப் பாட முடியாது, அந்த அளவு. பழைய வழிகாட்டுதலில் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. இப்போது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் உண்டு.

இனி உங்கள் சலிப்புக்கு வருகிறேன். நடைப்பயிற்சி பிடிக்கவில்லை என்பதை ஏதோ குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் செய்கிற எதையும் மனிதர்கள் நீண்ட நாள் செய்வதில்லை. வேலைக்குப் போன காலத்தில் நீங்கள் வெளியே கிளம்பியது ஆரோக்கியத்துக்காக அல்லவே, அங்கே உங்களுக்கு ஒரு காரியம் இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்தக் காரியம் போய்விட்டது. அதன் இடத்தில் "உடற்பயிற்சி" என்ற கடமையை வைத்தால் கால் கிளம்ப மறுக்கிறது. உடம்புக்கோ, செய்வது பயிற்சியா பொழுதுபோக்கா என்ற பேதமே கிடையாது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் கட்டுரை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, வேலையைப் பார்த்தார்கள்.

அதனால் என் யோசனை இது: நடைப்பயிற்சியைத் தலைப்பாக வைக்காதீர்கள். பறவை பார்ப்பதைத் தலைப்பாக வையுங்கள். நடை அதில் தானாகச் சேர்ந்துகொள்ளும். வீட்டில் செய்யும் பயிற்சிகளையும் அந்தப் பொழுதுபோக்குக்கு உடம்பைத் தயார் செய்கிற ஏற்பாடாகப் பாருங்கள்.

வீட்டுப் பயிற்சி அவசியமா என்று கேட்பீர்கள். அவசியம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி "கையை ஊன்றித்தான் எழ முடிகிறது" என்பது. முழங்கால் வலியைவிட எனக்கு அதுதான் பெரிய செய்தி. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடை வலுவையும் உடல் சமநிலையையும் அது போதிய அளவு தராது. ஐம்பது வயதுக்குமேல் தசை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் வேகமாகக் குறைகிறது. எழுபது வயதில் ஒருவர் வீட்டோடு முடங்குவதற்கு இதயத்தைவிடத் தொடை காரணமாக இருப்பதை நான் அதிகம் பார்க்கிறேன்.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, முழங்கால் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியோர் விழுவதைத் தடுக்க வைத்திருக்கும் அளவுகோலின்படி, 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. ஆண்களுக்கு அந்த எல்லை 14. உங்களுக்கு 7, 8 என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், அது தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான்.

இந்த வயதில் தசை வளருமா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வருகிறது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நீங்கள் அவர்களைவிட ஏறக்குறைய முப்பது வயது இளையவர்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே பயிற்சியாக்குங்கள். எழுவதைவிட உட்காருவதில் கவனம் வையுங்கள், தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். முதலில் கஷ்டமாக இருந்தால் நாற்காலியில் ஒரு கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எட்டுப் பத்து முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி இன்னொரு சுற்று. அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. கரடுமுரடான தரையில் காலை நிறுத்துகிற தசை இதில்தான் வலுவாகிறது. காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது இடுப்புத் தசைக்கு. நடக்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது தோளுக்கும் கைக்கும். பைனாகுலரைத் தூக்கிப் பிடிக்க அது வேண்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். தொடையில் இரண்டு நாள் வலி இருப்பது சகஜம். மூட்டுக்குள் வலித்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

சமநிலைக்கு ஒரு காலை இன்னொரு காலின் முன்னால், குதிகாலும் விரலும் தொடும்படி வைத்து நில்லுங்கள். அது எளிதானதும் ஒற்றைக்கால். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களை வைத்துச் செய்த, 2022-இல் வெளிவந்த ஆய்வில், பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்க முடியாதவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. நிற்க முடியாததுதான் காரணம் என்று அதற்கு அர்த்தமில்லை; பல உடல் கோளாறுகள் அதில் வெளியே தெரிகின்றன. பல் தேய்க்கும்போது பழகலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது வலுவும் சமநிலையும் கலந்த பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் இரண்டு வருடம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள். தசை வளரப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

இப்போது பறவைகள். நான் மூத்தவர்களுக்கு அதிகம் சிபாரிசு செய்யும் பொழுதுபோக்கு இதுதான். நடை, நிற்பது, கழுத்தைத் திருப்புவது, கவனிப்பது, பேர் நினைவில் வைப்பது எல்லாம் ஒன்றாகக் கிடைக்கின்றன. வேகமாகப் போனால் பறவை பறந்துவிடும், அதனால் உங்கள் வேகம் ஒரு குறையே அல்ல. இரண்டு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடப்பார்கள், யாரும் கேலி செய்யமாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தொடர்ந்து ஒரே இடத்தில் நிற்பது சில முழங்கால்களுக்கு நடப்பதைவிடக் கஷ்டம். மடக்கு ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போங்கள். உட்கார்ந்து காத்திருப்பவருக்குப் பறவைகள் அருகில் வருகிற வாய்ப்பும் அதிகம்.

பைனாகுலர் வாங்கும்போது 10 மடங்கு பெரிதாக்குவதைக் கேட்காதீர்கள். பறவை பெரிதாகும்போது உங்கள் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். 8 மடங்கு போதும். அதன் மேல் 8×42, 8×32 என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42 உள்ளது வெளிச்சம் குறைந்த நேரத்தில் நன்றாகத் தெரியும், ஆனால் கனம். வயது கூடக்கூட இருட்டில் நம் கண்மணி விரிவது குறைந்துவிடுகிறது. பெரிய கண்ணாடி தரும் கூடுதல் வெளிச்சத்தில் ஒரு பகுதி கண்ணுக்குள் போகாமலேயே வீணாகலாம். தோளில் கனம் தாங்காது என்றால் 8×32 நல்ல தேர்வு. மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால், கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இடையே 15 மில்லிமீட்டராவது தூரம் விட்டாலும் முழுக் காட்சி தெரிகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை போட்டால் கழுத்து வலி வராது.

காது விஷயம் யாரும் சொல்லமாட்டார்கள். வயதாகும்போது கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும். கூட வருபவர் "அதோ கத்துதே" என்பார், நமக்கு ஒன்றும் கேட்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் என்ற இலவசச் செயலி போனின் மைக் வழியாகக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும். சில சமயம் தப்பாகவும் சொல்லும், கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பழைய ஆட்கள் சிலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

விழாமல் இருக்க ஒரு பழக்கம் போதும்: நடக்கும்போது தரை, நின்றபிறகு வானம். மேலே பார்த்துக்கொண்டே அடி எடுத்து வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய ஆபத்து. கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டிருந்தால், குனிந்து தரையைப் பார்க்கும்போது படிக்கிற பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். தரை மங்கலாகவும், உயரம் தப்பாகவும் தெரியும். ஆஸ்திரேலியாவில் 2010-இல் வெளியான ஆய்வில், அடிக்கடி வெளியே நடமாடும் முதியவர்களுக்குத் தூரப்பார்வை மட்டும் உள்ள தனிக் கண்ணாடி கொடுத்தபோது அவர்கள் விழுவது கணிசமாகக் குறைந்தது. வெளியே அதிகம் போகாதவர்களுக்கு அது உதவவில்லை, வெளியே விழுவது கூடவும் செய்தது. நீங்கள் முதல் வகை ஆகப்போகிறீர்கள் என்பதால் கண் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

தனியாகப் போவதைவிடக் குழுவோடு போவது நல்லது, பாதுகாப்புக்காக மட்டும் அல்ல. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாலு பேர் காத்திருப்பார்கள் என்றால் கால் வலிக்கிற மாதிரி இருந்தாலும் கிளம்பிவிடுவோம். ஓய்வு பெற்றவர்கள் சம்பளத்தைவிட அதிகம் இழப்பது இந்தக் காத்திருக்கிற நாலு பேரைத்தான் என்பது என் எண்ணம். வாரத்தில் மொத்தம் இரண்டு மணி நேரமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், அப்படிக் கழிக்காதவர்களைவிட உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கு 2019-இல் வெளிவந்தது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா என்பதில் வித்தியாசம் இல்லை.

சைக்கிளுக்கு நான் தடை சொல்லவில்லை. தேய்மானம் உள்ள முழங்காலுக்கு அது நல்லதுதான், உடல் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நாற்காலிச் சோதனையில் 12 தாண்டி, ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க முடிந்த பிறகு எடுங்கள். இந்த வயதில் ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறி விழுகிறவர்கள் நிறைய. அதனால் குறுக்குக் கம்பி தாழ்வாக உள்ள, காலைத் தூக்கிப் போட வேண்டாத சைக்கிள் வாங்குங்கள். பயந்துகொண்டு இருக்கையை மிகவும் தாழ்த்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் முழங்கால் அதிகம் மடங்கி, சில்லு எலும்பின் பின்னால் வலி வரும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாக மிதியுங்கள், கனமான கியரில் அழுத்தி மிதிப்பது மூட்டுக்கு ஆகாது. வண்டி நடமாட்டம் இல்லாத மைதானத்தில் முதலில் பிரேக் பிடித்து நின்று காலை ஊன்றுவதைப் பழகிய பிறகுதான் சாலை. தலைக்கவசம் கட்டாயம். பேட்டரி சைக்கிளும் உழைப்புதான், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், சைக்கிள் எலும்பை வலுவாக்காது. எலும்புக்குப் பாரம் தாங்குகிற நடையும் வலுப் பயிற்சியும் வேண்டும்.

தோட்டவேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இடையில் ஆசை வரலாம். நல்லதுதான். குந்தி உட்காராமல் உயரமான தொட்டிகளில் வளருங்கள். பைகளில் வரும் உரமண்ணைத் திறந்ததும் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமி இருக்கக்கூடும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீர் குறைந்து தலை சுற்றும். வேறு சில நாடித் துடிப்பை மெதுவாக்கும்; கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டினால் அளவுக்கு மீறிப் போய்விடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பேச முடிகிறதா என்ற சோதனையே சரி. குனிந்தோ உட்கார்ந்தோ இருந்துவிட்டு எழும்போது சட்டென்று எழாமல் சில விநாடி நிதானியுங்கள். வயதானால் தாக உணர்வு மந்தமாகும், தாகம் வரும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். இதயம், சிறுநீரகக் காரணத்தால் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை மீற வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. வெயில் காலத்தில் உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், சொல்லத் தெரியாத அசதி என்று வருவதும் உண்டு. நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் சரியாகிற வலி ரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். முழங்கால் சிவந்து சூடாக வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தாலோ எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் மகனின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பார்ப்பது ஒரு ஆபத்தை. இன்னொன்று அவர் கண்ணில் படவில்லை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்தது. வீட்டோடு இருப்பது அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதே திசையில் மெதுவாகப் போவது. விழுவோம் என்ற பயத்தில் நடமாட்டத்தைக் குறைத்தால் கால் வலு குறைந்து விழுகிற வாய்ப்பு கூடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியான தொகுப்பில், வீட்டில் வசிக்கும் முதியவர்கள் பயிற்சி செய்தபோது விழுவது 23 சதவீதம் குறைந்தது. அந்த நாற்காலிச் சோதனையை மகன் முன்னால் செய்யுங்கள், அவர் எண்ணட்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். வெளியே போகும்போது எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் போங்கள். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுத்தாலும் சரி.

அவர் கேள்விக்கு நேரான பதிலும் தரலாம்: விழுந்தால் எப்படி எழுவது என்று பழகிக்கொள்ளுங்கள். தரையில் மெத்தை விரித்து, பக்கத்தில் உறுதியான நாற்காலி வைத்துக்கொண்டு, முதல் சில முறை துணையோடு செய்யுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, கைகளும் முழங்கால்களுமாக நில்லுங்கள். முழங்காலுக்குக் கீழே மடித்த துணி இருக்கட்டும். நாற்காலியை நெருங்கி, இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, வலுவான காலை (உங்களுக்கு இடது கால்) முன்னால் வைத்துத் தரையில் ஊன்றி எழுந்து, திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். கையை ஊன்றி எழுவதில் வெட்கம் வேண்டாம். உண்மையாகவே விழுந்துவிட்டால், எங்கே அடி பட்டது என்று ஒரு நிமிடம் பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால் எழ முயலாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை பெண்களுக்கு 65 வயதில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. முன்பு லேசான அடிக்கே எலும்பு முறிந்திருந்தாலோ, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிவு இருந்தாலோ, ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் சாப்பிட்டிருந்தாலோ இப்போதே எடுத்துவிடுவது நல்லது. சைக்கிளை எடுக்கும் முன் அந்த ரிசல்ட் கையில் இருந்தால் எனக்கும் நிம்மதி. பைனாகுலருக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம், இந்த வாரமே வாங்கலாம்.